டிராக் 01-ஐப் பாடியது யார்?

காரில் செருகியிருக்கும் பென்டிரைவைக் கொஞ்சம் பாருங்கள். 'டிராக் 01'. அடுத்தது 'டிராக் 02'. பாடியவர்: 'அன்நோன் ஆர்டிஸ்ட்'. அதற்கடுத்து ஒரு பாட்டின் பெயர் பாதி, மீதி ஏதோ ஓர் இணையத்தளத்தின் முகவரி. நம் நாட்டுத் தமிழ் வீடுகளில் மிக அதிகமாகப் பாடியிருப்பவர் டி.எம்.சௌந்தரராஜனும் இல்லை, எஸ்.பி.பாலசுப்ரமணியமும் இல்லை. திருவாளர் அன்நோன் ஆர்டிஸ்ட்தான்.

பாட்டுகளுக்குப் பெயர் எழுதி, குறிப்பு எழுதி, அடுக்கி வைப்பதெல்லாம் டிஜேக்களின் வேலை, நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரு தம்பி இருக்கிறான். சித்தி மகள் நிச்சயதார்த்தம், பாப்பாவின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் எண்பதாவது என்றால், "டேய், பாட்டு நீ பாத்துக்கோ" என்று அவன் தலையில்தான் விழும். மடிக்கணினியும் இரவல் ஸ்பீக்கருமாக வந்து நிற்பான். உள்ளே ஐயாயிரம் பாட்டு இருக்கும். பெரியம்மா ஒருவர் வந்து, "தம்பி, எம்.ஜி.ஆர். கப்பல்ல பாடுவாரே, அதைப் போடு" என்பார். ஐயாயிரத்தில் அது எங்கே? அவன் தேடுகிற இரண்டு நிமிடத்தில், ஆட எழுந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த 'டிராக் 01' எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் கடையில் வாங்கிய ஆடியோ சிடிக்குள் பாட்டு இருக்கும். பாட்டின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அது அட்டையில் அச்சானதோடு சரி. அப்படியென்றால், ஆங்கில சிடியைக் கணினியில் போட்டதும் பெயர்கள் வரிசையாக வந்து நின்றனவே, அது எப்படி? 1990-களில் சிடிடிபி என்று ஒரு தரவுத்தளம் தொடங்கப்பட்டது. பின்னாளில் கிரேஸ்நோட் ஆனது அதுதான். சிடியில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கை வைத்து, இது எந்த சிடி என்று கணினி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்தப் பதிலை அங்கே எழுதி வைத்தவர்கள், வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்த சாதாரண ரசிகர்கள். ஒருவர் ஒருமுறை தட்டிவிட்டால், அதே சிடியைப் பிறகு போடுகிற எல்லாருக்கும் பெயர் வரும். யாருமே தட்டாத சிடிக்கு 'டிராக் 01' வரும்.

ஆக, அது கணினியின் கோளாறு அல்ல. 'இந்தப் பாட்டின் பெயரை இதுவரை யாரும் எழுதவில்லை' என்ற தகவல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பாட்டுகளைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

எம்பி3 கோப்புக்குள்ளேயே பெயர் எழுதும் வழக்கம் 1996-ல் வந்தது. ஐடி3 என்று அதற்குப் பெயர். கோப்பின் வாலில் 128 பைட் இடம்: பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. பாட்டு எந்த வகை என்று சொல்ல 80 வகைகள் கொண்ட ஒரு பட்டியல். தமிழ் எழுத்து அதில் ஏறவே ஏறாது. இரண்டாம் பதிப்பு வந்த பிறகுதான் யூனிகோடுக்கு இடம் கிடைத்தது. சரி, அந்த 80 வகையில் நமக்கு எது பொருந்தும் என்று தேடினால் 'சவுண்ட்டிராக்', 'எத்னிக்', இரண்டும் இல்லாவிட்டால் 'அதர்'. கே.வி.மகாதேவனும் அனிருத்தும் தைப்பூசத்து உறுமி மேளமும் ஒரே கூடையில்.

இதைவிடப் பெரிய சங்கடம் 'ஆர்டிஸ்ட்' என்ற கட்டம். மைக்கேல் ஜாக்சன் பாட்டு என்றால் ஆர்டிஸ்ட் மைக்கேல் ஜாக்சன், வேலை முடிந்தது. நம் சினிமாப் பாட்டுக்கு இசை ஒருவர், வரிகள் ஒருவர், குரல் ஒருவர், திரையில் வாயசைத்தவர் இன்னொருவர். கேட்பவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். கணவர் "ராஜா சார் பாட்டு" என்பார். அதையே மனைவி "எஸ்.பி.பி. பாட்டு" என்பார். மாமியார் "அது மோகன் பாட்டும்மா" என்பார். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் கட்டம் ஒன்றே ஒன்று. அதனால்தான் ஒரே பாட்டு சிலரிடம் இசையமைப்பாளர் பெயரிலும், சிலரிடம் பாடகர் பெயரிலும், சிலரிடம் படத்தின் பெயரிலும் கிடக்கிறது.

இதற்கு விடையை நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படத்தின் பெயர், நடித்தவர்கள், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் கதைச்சுருக்கம், பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் இயற்றியவர், பாடியவர். மெல்லிய தாளில் சில பக்கம்தான். இன்றைய எந்தச் செயலியும் தமிழ்ப் பாட்டைப் பற்றி அவ்வளவு ஒழுங்காகத் தகவல் தருவதில்லை என்பது என் அபிப்பிராயம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களும் அந்த வரிசையைத்தான் காற்றில் சொன்னார்கள்: படம், இயற்றியவர், இசை, பாடியவர்கள். கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை அதை மனப்பாடம் செய்தது.

சென்னையில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்று ஒருவர் இருந்தார். 2016-ல் மறைந்தார். எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தது, யார் இசை என்று தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களைத் தன் கையால் எழுதி எழுதிச் சேர்த்தார். படங்களின் புகைப்படங்களையும் விளம்பரங்களையும் பாதுகாத்தார். அந்தச் சேகரிப்பை வைத்து ஒரு பெரிய புத்தகமே வந்தது; சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கிக்கொண்டது. அவர் கணினியை நம்பித் தொடங்கியவரில்லை. ஒரு மனிதருக்கு இருந்த எழுதி வைக்கும் பழக்கம், பிற்பாடு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கெல்லாம் ஆதாரமாக ஆனது.

ஆகவே நான் சொல்லும் முறை இது. 'ஆர்டிஸ்ட்' கட்டத்தில் பாடியவர்கள். 'கம்போசர்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அதில் இசையமைப்பாளர். 'ஆல்பம்' கட்டத்தில் படத்தின் பெயர், கூடவே ஆண்டு. வரிகள் எழுதியவருக்கும் ஐடி3-யின் புதிய பதிப்பில் தனி இடம் உண்டு, கவிஞர்களை விட்டுவிடாதீர்கள். நடிகர் பெயரும் 'கப்பல்' மாதிரி அடையாளங்களும் குறிப்புக் கட்டத்துக்கு. 'எம்.ஜி.ஆர்., கப்பல்' என்று இரண்டு சொல் அங்கே இருந்திருந்தால் அந்தப் பெரியம்மா ஐந்து வினாடியில் ஆடத் தொடங்கியிருப்பார்.

ஆண்டை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், அந்தக் கப்பல் பாட்டு வந்த படம் 'ஆயிரத்தில் ஒருவன்', 1965, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. அதே பெயரில் 2010-ல் செல்வராகவன் படம் எடுத்தார், இசை ஜி.வி.பிரகாஷ்குமார். 'பில்லா' 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. 'பொல்லாதவன்' அதே போல 1980, 2007. 'விக்ரம்' என்றால் 1986-ல் இளையராஜா, 2022-ல் அனிருத், இரண்டிலும் கமல்! ஆண்டு இல்லாமல் படத்தின் பெயரை மட்டும் எழுதி வைப்பது, முகவரியில் தாமானின் பெயரை மட்டும் எழுதி வீட்டு எண்ணை விட்டுவிடுவது மாதிரி.

அடுத்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் கூத்து. 'காதல்' என்ற சொல்லுக்கு நான் பார்த்தவரை நாலு ஸ்பெல்லிங். இளையராஜாவுக்கு அதற்கு மேல். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம் அடையாள அட்டைகளில் லட்சுமிக்கு எத்தனை ஸ்பெல்லிங் என்று எண்ணிப் பாருங்கள். மனிதர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். தேடும் பெட்டிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரு 'ஏ' குறைந்தால் ராஜா சாரின் பாதிப் பாட்டு மறைந்துபோகும். எது சரியான ஸ்பெல்லிங் என்று சண்டை போட வேண்டாம். ஏதாவது ஒன்றை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டி வையுங்கள். பாட்டின் பெயரை ஆங்கில எழுத்திலும், குறிப்பில் தமிழிலும் எழுதுவது என் வழக்கம். பழைய கார் ஸ்டீரியோக்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் கட்டம் கட்டமாகக் காட்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

கணினி தானாகவே செய்யும் வேலையும் உண்டு. ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர், விர்ச்சுவல் டிஜே எல்லாமே பாட்டின் வேகத்தையும் சுருதியையும் தாமே கண்டுபிடித்து எழுதிவிடும். மிக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். வேகத்தை பிபிஎம் என்பார்கள், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு ஆடுபவர்களின் கால் தடுமாறாமல் போக வேண்டுமானால் இந்த எண் வேண்டும்.

ஆனால் நம் பாட்டில் இது அடிக்கடி ஏமாற்றும். இந்த மென்பொருள்கள் நாலு நாலாகத் தட்டும் மேல்நாட்டு நடன இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் குத்துப் பாட்டில் பாதி, மும்மூன்றாகப் போகும் திஸ்ர நடை. 120 என்று வர வேண்டியதை 90 என்றோ 180 என்றோ எழுதி வைத்திருக்கும். அதை நம்பி அடுத்த பாட்டைக் கோத்தால் தாளம் இரண்டு குதிரை மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஓடும். இன்னொன்று, 70-களின் பாட்டுகள். பிரசாத் ஸ்டூடியோ மாதிரி ஓர் இடத்தில் வயலின்காரர்களும் தபேலாக்காரரும் பாடகர்களும் ஒன்றாக உட்கார்ந்து, நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்தவை. பல்லவியில் 104 என்றால் சரணத்தில் 107 ஆகும். மனிதர்கள் உற்சாகமானால் வேகம் கூடும், அவ்வளவுதான். மென்பொருள் அதைப் பிழை என்று நினைத்து ஒரே எண்ணில் அடைக்கப் பார்க்கிறது. அந்தப் பாட்டுகளை விரலால் தட்டித் தட்டி நீங்களே அளந்து, 'வேகம் நகரும்' என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். அவற்றை மற்றொன்றோடு கோக்க முயலாமல், முழுதாக ஓடவிட்டு முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது உத்தமம்.

சுருதி விஷயத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. மேஜர், மைனர் என்று அது போடும் முத்திரையை ராகம் அறிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் ஆதார சுருதியைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடும், விருந்துக்கு அது போதும்.

எந்த மென்பொருளும் எழுதித் தராத ஒன்று இருக்கிறது. கிள்ளானில் இருபது ஆண்டுகளாகக் கல்யாண விருந்துகளுக்குப் பாட்டு போடும் அண்ணன் ஒருவர் தன் மடிக்கணினியை எனக்குத் திறந்து காட்டினார். பெயர் போட வேண்டாம் என்றார். போட்டால் சொந்தக்காரர்கள் எல்லாரும் இலவசமாகக் கூப்பிடுவார்களாம். அவருடைய குறிப்புக் கட்டங்களைப் படித்துக்கொண்டே போனேன். நல்ல சிறுகதைத் தொகுப்பு மாதிரி இருந்தது.

'பெரியவங்க எழுந்திரிப்பாங்க.' 'சாப்பாட்டு நேரம் மட்டும்.' 'கடைசி 20 வினாடி வசனம், முன்னாடியே வெட்டு.' 'இதுக்கு அப்புறம் பங்ரா நல்லா ஒட்டும்.' 'பத்து மணிக்கு மேல, பிள்ளைங்க போன பிறகு.' 'பொண்ணு உள்ள வர்றதுக்கு நல்லது, ஆனா மண்டபம் பெருசா இருக்கணும், இல்லாட்டி பல்லவிக்கு முன்னாடியே மேடைக்கு வந்துரும்.' ஒரு பாட்டில் இரண்டே சொல்: 'வேணாம். கேக்காத.'

"அது என்ன அண்ணே?" என்றேன்.

"தாளம் பயங்கரமா இருக்கும்மா, பிள்ளைங்க எல்லாம் கேப்பாங்க. வரியைக் கவனிச்சுப் பாத்தியா? பொண்ணு ஏமாத்திட்டு இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டான்னு பாடுறான். அதைக் கல்யாண வீட்டுல போடலாமா? ஒரு தடவை ஒரு கல்யாணத்துல வேற ஒரு டிஜே போட்டு, மாப்பிள்ளையோட அத்தை மைக்கையே பிடுங்கிட்டாங்க."

தமிழில் இந்த வில்லங்கம் ரொம்ப அதிகம். காதல் தோல்வியையும் சாவையும் துள்ளும் தாளத்தில் பாடுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. பிபிஎம் 130, 'மகிழ்ச்சி' என்று மென்பொருள் முத்திரை குத்தும். வரியோ ஒப்பாரி. மதுக்கடைப் பாட்டு பிள்ளைகளின் பிறந்தநாளில் ஒலிப்பதும் இப்படித்தான். கேட்டுப் பார்த்த ஒரு மனிதர் எழுதி வைத்தால்தான் உண்டு.

வானொலியில் நாங்கள் எழுதும் குறிப்பு வேறு மாதிரி. முன்னிசை எத்தனை வினாடி, பாட்டு மெல்லத் தேய்ந்து முடிகிறதா, சட்டென்று நிற்கிறதா. முன்னிசை 22 என்று எழுதியிருந்தால், மணி சொல்லி, நேயரின் பெயர் சொல்லி, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலையும் சொல்லி 22-க்குள் முடிக்க வேண்டும். பாடகர் வாய் திறக்கும்போது நான் வாயை மூடியிருக்க வேண்டும். பாட்டுக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. இந்த இரண்டு எண்களும் வீட்டு டிஜேக்களுக்கும் உதவும். பழைய பாட்டுகள் பலவும் தாளமே இல்லாத ஹம்மிங்கில் தொடங்கும். தாளம் எந்த வினாடியில் விழுகிறது என்று தெரிந்திருந்தால் தளத்தில் நிற்பவர்கள் விழித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

"ஐயாயிரம் பாட்டுக்கும் எழுத எனக்கு எங்கே நேரம்?" என்று அந்தத் தம்பி கேட்பான். நியாயமான கேள்வி. பாட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 83 மணி நேரம் ஆகும். யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் வேண்டாம். ஐயாயிரம் வைத்திருக்கும் ஒருவர் உண்மையில் போடுவது முந்நூறு இருந்தால் அதிகம். தினம் பத்து. எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது பத்துப் பாட்டைக் கேட்டு, கைப்பேசியில் தோன்றியதைக் குறித்துக்கொண்டு, வார இறுதியில் கணினியில் ஏற்றினால் ஒரு மாதத்தில் முந்நூறும் முடிந்துவிடும். மீதி 4,700 அப்படியே கிடக்கட்டும். இணையத்தள முகவரி ஒட்டிய பெயர்களைக் கூட்டமாகத் துடைக்க எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். நூறு கோப்பை ஒரே தட்டில் சுத்தம் செய்யும். மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் என்று ஒன்று, பாட்டின் ஒலியைக் கேட்டே பெயர் கண்டுபிடிக்கும். பிரபலமான பாட்டுக்குச் சரி. அதற்குத் தெரியாத தமிழ்ப் பாட்டு நிறைய.

முத்திரைகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். கிள்ளான் அண்ணனிடம் ஒன்பதே ஒன்பதுதான். ஐம்பது முத்திரை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரையும் பார்த்தேன். 'ஜாலி', 'ஹேப்பி', 'குஷி' மூன்றும் தனித்தனி. எது எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

கவனிக்க வேண்டிய ஒரு தொழில்நுட்ப விஷயம். நீங்கள் எழுதுவது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். பாடியவர், இசை, குறிப்பு ஆகியவை கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்பு எங்கே போனாலும் கூடவே போகும். ஆனால் உங்கள் பட்டியல்கள் போன்றவற்றை மென்பொருள் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் வைத்திருக்கும். மடிக்கணினி மாறும்போது பாட்டுகளை மட்டும் நகல் எடுத்தால் அந்தப் புத்தகம் பழைய கணினியோடு போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்து நகலெடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறொருவர் வீட்டில். 'ஸ்பாட்டிஃபையில் எல்லாம் இருக்கே' என்பவர்களுக்கு: அங்கே இருக்கும் பாட்டின்மேல் உங்களால் ஒரு வரி எழுத முடியாது, உரிமம் முடிந்தால் பாட்டு ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிடும், நிலத்தடி மண்டபங்களில் இணையமும் கிடைக்காது.

டிஜேக்கள் பெயரை எழுதும் கூட்டமாக எப்போதும் இருந்ததில்லை. அழிக்கும் கூட்டமாகவும் இருந்திருக்கிறார்கள். 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தெருவுக்குத் தெரு பெரிய ஸ்பீக்கர் வைத்துப் போட்டி போட்டவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டின் நடுவே இருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எதிராளி வந்து எட்டிப் பார்த்தாலும் எந்தப் பாட்டு என்று தெரியக்கூடாது. அங்கே பிறந்து நியூயார்க் போன கூல் ஹெர்க், 1970-களில் ஹிப்ஹாப்புக்கு அடித்தளம் போட்டவர், லேபிளைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்தார். தொழில் ரகசியம்! நம்மூரிலும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. "இந்த ரீமிக்ஸ் எங்க கிடைச்சது?" என்று கேட்டால் பல டிஜேக்களுக்குத் திடீரென்று காது கேட்காது.

கிங்ஸ்டன்காரர்கள் மறைத்த பாட்டுகளை அமெரிக்காவில் யாராவது எழுதி வைத்திருந்தார்கள். சென்னையில் வந்த படப் பாட்டுகளுக்கும் ஓர் ஆனந்தன் இருந்தார், இன்று ஆயிரம் ரசிகர்கள் இருக்கிறார்கள். நம் பாட்டுகளுக்கு?

யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' 2006-ல் வந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். 'நிழல்கள்' படத்துக்கு 1980-ல் இளையராஜா போட்ட ஒரு பாட்டை எடுத்து அவர்கள் செய்த ராப், தமிழ்நாடு வரை போய்க் கலக்கியது. அந்த ஆல்பத்தின் பெயரும் ஆண்டும் இனி அழியாது, தேடினால் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் இங்கே எத்தனை கேசட், எத்தனை சிடி! கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளில் வாசல் வரை அடுக்கி, தெருவே அதிர விற்றவை. பிரிக்ஃபீல்ட்ஸில், மஸ்ஜிட் இந்தியாவில், தீபாவளிச் சந்தைகளில் வாங்கியவை. தோட்டத்து இசைக்குழுக்கள், உள்ளூர் பக்திப் பாட்டுகள், பத்துமலைக்குப் போகும் வழியில் ஒலிக்கும் உறுமி மேளப் பாட்டுகள். அவற்றில் பலவற்றைக் கணினியில் ஏற்றியபோது பெயர் வரவில்லை. யாரும் தட்டவில்லை. 'டிராக் 01' ஆகவே ஒரு பென்டிரைவிலிருந்து இன்னொன்றுக்குப் போயின. புலனத்தில் வந்தபோது அந்தப் பெயரும் போய், எண்கள் மட்டும் மிஞ்சின.

அது பெயர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமில்லை, காசும் சம்பந்தப்பட்டது. பாட்டைப் படைத்தவர்களுக்கான தொகையைத் திரட்டித் தர இங்கே எம்.ஏ.சி.பி. என்ற பதிப்புரிமை அமைப்பு இருக்கிறது. எந்தப் பாட்டு ஒலித்தது, அதை எழுதியது யார் என்று தெரிந்தால்தான் யாருக்குப் போக வேண்டும் என்று பிரிக்க முடியும். இப்போது வெளியாகும் பாட்டுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு கிடைக்கிறது, பாட்டின் அடையாள அட்டை எண் மாதிரி. பாடல் வெளியிடும் தம்பி தங்கைகள் அதைக் கேட்டு வாங்கி, கோப்பிலும் எழுதி, பிறகு வானொலிக்கு அனுப்புங்கள். 'ஃபைனல் மிக்ஸ் நியூ 2' என்ற பெயரில் எங்களுக்கு வரும் கோப்புகளின் எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதை எழுதியது யார், கீபோர்டு வாசித்தது யார் என்று நாங்கள் புலனத்தில் துப்பறிய வேண்டியிருக்கிறது.

பழைய கேசட்டுகளுக்கு ஒரு சின்ன வேலை போதும். வீட்டில் உள்ளூர்க் கேசட் எதுவும் இருந்தால், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் கைப்பேசியில் தெளிவாகப் படம் பிடியுங்கள். கேசட்டைக் கேட்கக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாடியவர், வரிகள், இசை, எந்த ஸ்டூடியோ, யார் வெளியிட்டது, சில நேரம் வாசித்தவர்கள் பெயர்கூட அந்த அட்டையில்தான் இருக்கும். பாட்டைக் கணினியில் ஏற்றும்போது அந்தப் படத்தையே முகப்புப் படமாகக் கோப்புக்குள் பதித்துவிடலாம். எம்பி3டேக்கில் இழுத்துப் போட்டால் போதும். அப்புறம் அந்தப் பாட்டு எங்கே போனாலும் அட்டையும் கூடவே போகும்.

அட்டை தொலைந்துபோயிருந்தால், ஆட்களைத்தான் கேட்க வேண்டும். அன்று மேடையில் பாடியவர்கள், கிட்டார் வாசித்தவர்கள், கேசட் கடை வைத்திருந்தவர்கள் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயது. கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் நம் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "அங்கிள், இது யார் பாடினது?" என்று ஒரு பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டிப் பாருங்கள். நான் கேட்ட ஒருவர் பாடியவர் பெயரோடு, ஒலிப்பதிவுக்குப் பேருந்தில் டிரம்ஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு போன கதையையும் சேர்த்துச் சொன்னார். அதையும் குறிப்பில் எழுதினேன். புதிய பதிப்பில் 30 எழுத்துக் கட்டுப்பாடு இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

கிள்ளான் அண்ணனின் மடிக்கணினியிலும் ஒரு 'டிராக் 01' இருந்தது. பழைய கேசட்டிலிருந்து ஏற்றியது, உள்ளூர் குரல், கூடவே ஓர் அக்கார்டியன். யார் என்று தெரியாமலே பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார், அறுபதாம் கல்யாணங்களில் போடுகிறார், யாராவது ஒருவர் கண் கலங்காமல் இருந்ததில்லையாம். அதன் குறிப்புக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'பாடினது தெரியல. பந்திங் பக்கத்து ஆளுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. அக்கார்டியன் வாசிச்சவரோட மருமகன் காப்பார்ல பட்டறை வச்சிருக்காராம். போய்க் கேக்கணும்.'

"போனீங்களா அண்ணே?"

"இந்த மாசம் நாலு கல்யாணம்மா. தைப்பூசம் முடியட்டும், போயிடுறேன்."